மருந்தின் குற்றமோ? நோயின் குற்றமோ?

சயரோகம் எனப்படும் காசநோய்க்குக் காரணமான பற்றீரியாவை 1882 ஆம் ஆண்டிலே ரொபேட் கொக் என்னும் ஜேர்மானிய அறிஞர் கண்டு வெளிப்படுத்தினார். ஆயினும், அதனை அடக்கும் ஸ்ரெப்ரோமைசின் 1943 இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. 1952 இல் ஐசோநயசிட்டும், அறுபதுகளின் பிற்பகுதியில் றிபாம்பிசினும் சிகிச்சைக்கு வந்தன. இன்று நான்கு மருந்துகளை இரண்டு மாதமும், அவற்றுள் இரண்டை மேலும் நான்கு மாதமும் உட்கொள்ளுதலே பெருவழக்கு. உயிர்காக்கும் இம்மருந்துகள் மிக அரிதாகக் குருதிக்குழாய்களில் அழற்சியை விளைத்தலும் உண்டு. அதனை இனங்காணுமாற்றைச் சிறிது ஆராய்வாம்.

சிகிச்சை தொடங்கி ஒன்றிரண்டு வாரங்களில் நோயாளி ஒருவரின் கால்களிலே செந்நீலப் புள்ளிகள் தோன்றின எனக் கொள்வோம். அவற்றின்மேல் கண்ணாடித் துண்டொன்றை வைத்து அழுத்துக. நிறம் மறையாதாயின் குருதி குழாயினின்றும் வெளியே கசிந்துள்ளது என்பது தெளிவு. பின்னர் விரலால் தடவுக. புள்ளி தடித்து விரலுக்குத் தட்டுப்படின், குழாய்ச் சுவரே அழற்சியுற்றதென ஐயுறலாம். தட்டையாயின், குருதிச் சிறுதட்டுக்கள் குறைந்தமை காரணமாகலாம். றிபாம்பிசின் சிலரிடத்து அவ்வாறு செய்யும். ஆதலின் அவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஐயத்தை உறுதிப்படுத்துவது தோற்சோதனை. தோன்றி இரண்டு நாட்களுக்கு மேற்படாத புள்ளியிலிருந்து சிறு தோற்றுண்டை எடுத்து நுணுக்குக்காட்டியால் நோக்கின், நுண்குழாய்ச் சுவரிலே வெண்குருதிச் சிறுதுணிக்கைகள் செறிந்தும், அவற்றின் சிதைந்த கருக்கள் தூளாய்ப் பரந்தும் காணப்படும். சிறுநீரிலே குருதியோ புரதமோ உண்டோ எனப் பார்த்தலும் இன்றியமையாதது. சிறுநீரகம் தாக்கப்படின் அபாயம் பெரிது.

இவையனைத்தும் அழற்சி உண்டென்பதையே கூறும். அதன் காரணத்தைக் கூறா. சயரோகமே இவ்வழற்சியை விளைக்கவல்லது. ஈரலழற்சி வைரசுக்களும், இதய வால்வுத் தொற்றும், பிற மருந்துகளும் அத்தகையனவே. எனவே, இவற்றை ஒவ்வொன்றாக விலக்கியபின் காலக்கணக்கையே சாட்சியாகக் கொள்ளல் வேண்டும். மருந்துக்குப் பின் தோன்றி, மருந்தை நிறுத்த மறையுமாயின் மருந்தின்மீதே ஐயம் வலுக்கும். சிகிச்சைக்கு முன்பே தோன்றி, சிகிச்சை தொடரத் தணியுமாயின் நோயே காரணமாதல் கூடும்.

நான்கனுள் குற்றவாளி எது? அழற்சி தணிந்தபின், வைத்தியரின் கண்காணிப்பிலே, ஒவ்வொரு மருந்தாகச் சிற்றளவிற் கொடுத்து அதனை அறிவர். சிறுதட்டுக்கள் குறையப்பெற்றவர்க்கு மாத்திரம் றிபாம்பிசினை மீண்டும் கொடுத்தலாகாது. இத்துணை நிதானம் எதற்கெனின், குற்றமுடைய மருந்தைத் தொடரின் உடலுறுப்புக் கெடும். குற்றமற்ற றிபாம்பிசினை வீணே விலக்கின், ஆறு மாதச் சிகிச்சை ஓராண்டுக்கு மேலும் நீளும்.

நாளை வைத்தியராகப் போகும் மாணவர்கள் இத்தராசின் இரு தட்டுகளையும் மறவாதிருப்பாராக. ஏனையோர்க்கு ஒன்று கூறுவேன்: காலிலே புள்ளி கண்டால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள், மருந்தைத் தாமாகவே குறைத்தும் விட்டுவிட்டும் உண்ணாதீர்கள். அரைகுறைச் சிகிச்சையிலேதான் பற்றீரியா மருந்தை வெல்லக் கற்றுக்கொள்கிறது.