அழுத்தியும் இயங்காத பொத்தான்: இணையப் பக்கக் கோளாறுகளை ஆராயும் முறை

முன்னுரை

கல்லூரிச் சேர்க்கை, கல்வி உதவித்தொகை, தேர்வுக் கட்டணம், கடவுச்சீட்டு என நம் வாழ்வின் இன்றியமையாப் பணிகள் பலவும் இன்று இணையத்தின் வழியாகவே நடைபெறுகின்றன. விண்ணப்பிக்க இறுதி நாள் வந்துவிடுகிறது. பக்கம் திறக்கிறது, எழுத்துகளும் படங்களும் தெளிவாகத் தெரிகின்றன. ஆயினும், 'சமர்ப்பி' என்னும் பொத்தானை அழுத்தினால் யாதொரு விளைவும் இல்லை. இந்நிலையில் மாணவர் சிலர் மீண்டும் மீண்டும் அழுத்துவர். சிலர் கணிப்பொறியே பழுதாகிவிட்டது என்பர். வீட்டில் வழிகாட்டுவார் இல்லாதோர் விண்ணப்பத்தையே கைவிடுவர். ஓராண்டுக் கல்விக்கு உதவும் தொகையை ஒரு பொத்தானின் பொருட்டு இழத்தல் தகுமோ? இக்கோளாறு எதனால் நிகழ்கிறது, அதனைப் படிப்படியாகக் கண்டறிவது எவ்வாறு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பக்கத்தின் மூன்று கூறுகள்

இணையப் பக்கத்தை நமக்குக் காட்டும் மென்பொருளை உலாவி என்கிறோம். பிரௌசர் எனப் பலரும் வழங்குவது இதனையே. உலாவி பெற்றுக் காட்டும் பக்கம் பெரும்பாலும் மூன்று கூறுகளால் ஆனது. முதலாவது, பக்கத்தின் கட்டமைப்பைத் தரும் எச்.டி.எம்.எல். செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ இதனை உருவாக்கினார். இரண்டாவது, நிறம், அளவு, இடம் ஆகிய தோற்றத்தைத் தரும் சி.எஸ்.எஸ். இதன் முதல் தரநிலை 1996ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியாயிற்று. மூன்றாவது, பக்கத்திற்குச் செயலைத் தரும் ஜாவாஸ்கிரிப்ட். 1995ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் இதன் முதல் வடிவத்தைப் பத்தே நாள்களில் ஆக்கினார்.

இலக்கணம் பயில்வோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். கட்டமைப்பு பெயர்ச்சொல் போன்றது. தோற்றம் அடைமொழி போன்றது. செயல் வினைமுற்றுப் போன்றது. இம்மூன்றும் பெரும்பாலும் தனித்தனிக் கோப்புகளாக வந்து சேர்கின்றன. முன்னைய இரண்டும் வந்து மூன்றாவது வாராதொழிந்தால், பக்கம் முழுமையாகத் தோன்றும்; ஆனால் வினைமுற்றுப் பெறாத தொடர்போல் நின்றுவிடும். எனவே, கண்ணுக்குத் தெரியும் பக்கமெல்லாம் செயற்படும் பக்கம் அன்று என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும்.

கோளாற்றின் காரணங்கள்

காரணங்களைப் பின்வருமாறு வகுத்துக் காணலாம். ஒன்று, பொத்தான் வேண்டுமென்றே முடக்கி வைக்கப்பட்டிருத்தல். கட்டாயமாக நிரப்ப வேண்டிய கட்டம் ஒன்று விடுபட்டிருந்தாலும், உறுதிமொழிக் கட்டத்தில் குறியிடாதிருந்தாலும் இவ்வாறு நேரும். இரண்டு, இணைப்பு மெதுவாக இருத்தலால் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு வந்து சேராமை. மூன்று, கேஷ் எனப்படும் தற்காலிகச் சேமிப்பில் உள்ள பழைய கோப்பு, மாற்றியமைக்கப்பட்ட புதிய பக்கத்தோடு பொருந்தாமை. நான்கு, விளம்பரத் தடுப்பான் முதலிய நீட்டிப்புகள் தேவையான கோப்பையும் சேர்த்துத் தடுத்தல். ஐந்து, உலாவி பழைமையானதாக இருத்தல். புதிய தொடரமைப்பு ஒன்று பழைய உலாவிக்குப் புரியாவிடின், அது அமைந்த கோப்பு முழுவதும் இயங்காது போகும். விண்டோஸ் 7 கணிப்பொறிகளில் குரோம் உலாவி 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது; 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியான 110ஆம் பதிப்பு முதல் அவற்றுக்கு இடமில்லை. ஆறு, நம்மிடம் குறையேதுமின்றி அந்த இணையதளத்திலேயே பிழை இருத்தல்.

ஆராயும் நெறி

இவற்றுள் எது காரணம் என அறியும் நெறி தமிழ் பயில்வோர்க்குப் புதியதன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் பல சுவடிகளை ஒப்பு நோக்கினர். ஒரு சுவடியில் மட்டும் காணப்படும் பிழை பெரும்பாலும் அதனை எழுதியவரின் பிழை; எல்லாச் சுவடிகளிலும் ஒன்றுபோல் காணப்படும் பிழை அவற்றிற்கு மூலமான படியிலேயே இருந்திருக்கக் கூடும். இங்கும் அதுவே முறை. ஓர் உலாவியில் மட்டும் இயங்காததெனின் குறை அவ்வுலாவியைச் சார்ந்தது. எங்கும் இயங்காததெனின் குறை பெரும்பாலும் இணையதளத்தைச் சார்ந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்த்தல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், எதனால் சரியாயிற்று என்பது விளங்காது.

செய்முறைப் படிகள்

முதலில், பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தாமல் சற்றுப் பொறுத்தல் வேண்டும். பணம் செலுத்தும் பக்கமாயின், தொகை வங்கிக் கணக்கிலிருந்து கழிந்துள்ளதா எனப் பார்த்த பின்னரே மறுமுறை முயலுதல் நன்று. ஒரே கட்டணம் இருமுறை கழிதல் இவ்வாறே நேர்கிறது.

இரண்டாவதாக, பக்கம் முழுவதும் அசைவற்றுள்ளதா, பொத்தான் மட்டுமா எனக் காண்க. முழுவதும் உறைந்திருப்பின், திறந்துள்ள ஏனைய பக்கங்களை மூடுக. பொத்தான் மட்டுமாயின், அது சாம்பல் நிறத்தில் மங்கியுள்ளதா எனக் காண்க. மங்கியிருப்பின், விடுபட்ட கட்டத்தைத் தேடுக.

மூன்றாவதாக, நிரப்பிய விவரங்களை வேறிடத்தில் குறித்துக்கொண்டு பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டும். குரோம், பயர்பாக்ஸ் ஆகிய உலாவிகளில் கண்ட்ரோல், ஷிப்ட், ஆர் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால், சேமிப்பில் உள்ள பழைய படியை விடுத்துக் கோப்புகள் புதிதாகப் பெறப்படும்.

நான்காவதாக, மறைநிலைச் சாளரத்தில் அப்பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். நாமாக இசைவளித்தாலன்றி அங்கு நீட்டிப்புகள் இயங்கா; பழைய சேமிப்பும் பயன்படாது. அங்குப் பொத்தான் இயங்கினால், குறை நீட்டிப்புகளிலோ சேமிப்பிலோ உள்ளது என்பது துணிபு. பின்னர் நீட்டிப்புகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம். அவ்விணையதளத்திற்குரிய சேமிப்பை மட்டும் நீக்கலாம். அனைத்தையும் ஒருசேர அழித்தல் வேண்டா. வேறு தளங்களில் உள்ள நுழைவுகளும் அதனால் நீங்கிவிடும்.

ஐந்தாவதாக, வேறோர் உலாவியிலும், பின்னர்க் கைப்பேசியின் தனி இணைப்பிலும் முயல வேண்டும். எங்கும் இயங்காவிடின், திரையின் படத்தை நாளும் நேரமும் தெரியுமாறு எடுத்து, உரிய அலுவலகத்திற்கு எழுதி அனுப்புக. காலக்கெடுவுக்குள் முயன்றமைக்கு அதுவே சான்றாகும். எஃப்12 விசையை அழுத்தினால் தோன்றும் கன்சோல் பகுதியில் சிவப்பு வரிகள் இருப்பின், அவற்றையும் படமெடுத்து அனுப்பலாம். பழுது நீக்குவோர்க்கு அவை பெரிதும் துணைபுரியும்.

ஓர் எச்சரிக்கை

இடர்ப்படும் நேரத்தில் உதவ வருவாரெல்லாம் நல்லோர் அல்லர். முன்பின் அறியாதவர் தரும் வரிகளைக் கன்சோலில் இடுதல் கூடாது; கணக்கே களவு போகக்கூடும். கடவுச்சொல்லையும் கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணையும் எவர்க்கும் சொல்லுதல் கூடாது. பொதுக் கணினி மையங்களில் பணி முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறிய பின்னரே எழுதல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், அழுத்தியும் இயங்காத பொத்தான் விதியின் விளைவன்று, கண்டறியத்தக்க காரணமுடையது என்பது தெளிவாகும். இப்படிகளைச் செய்து பார்க்கக் கால் மணி நேரமே போதுமானது. ஆனால் அந்தக் கால் மணி நேரம் இறுதி நாளின் இறுதி நேரத்தில் கிடைப்பதில்லை. ஆதலின், மாணவர்கள் உரிய நாளுக்குச் சில நாள் முன்னரே விண்ணப்பிக்கும் பழக்கத்தை மேற்கொள்வார்களாக. கற்றறிந்தோர் இம்முறையினைத் தம் அண்டை அயலில் உள்ள, முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதிக்கும் இளையோர்க்கும் சொல்லித் தருவார்களாக.