கட்டிய பணம் கணக்கில் இல்லையென்றால்

பிரிட்டனில் வேலை போனவர்கள் நியூ ஸ்டைல் ஜாப்சீக்கர்ஸ் அலவன்சுக்கு விண்ணப்பிக்கும்போது, ‘போதிய நேஷனல் இன்சூரன்ஸ் பங்களிப்பு இல்லை’ என்று மறுப்புக் கடிதம் வருவதுண்டு. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த பணம் எங்கே போனது என்ற கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோபத்தோடு ஜாப் சென்டருக்குத் தொலைபேசி எடுப்பதால் பெரிய பயன் இல்லை என்பதே என் கணிப்பு. அந்தக் கடிதம் சொல்வது ஒன்றே ஒன்று: குறிப்பிட்ட இரண்டு வரி ஆண்டுகளில், குறிப்பிட்ட ஒரு நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணின் கீழ், குறிப்பிட்ட தொகை பதிவாகவில்லை. ஆண்டா, எண்ணா, தொகையா, எது இடிக்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் வாதாடவே முடியும்.

பலர் தடுக்கி விழுவது ஆண்டில். வேலை போவதற்கு முந்தைய மாதம்வரை கட்டினேன் என்பது இங்கே செல்லாது. வரி ஆண்டு ஏப்ரல் 6-இல் தொடங்குகிறது. உதவித்தொகைக்கான ஆண்டோ ஜனவரியின் முதல் ஞாயிறன்று தொடங்குகிறது. அந்த ஞாயிறுக்கு முன் முழுதாக முடிந்துவிட்ட கடைசி இரண்டு வரி ஆண்டுகளையே பார்ப்பார்கள். 2025 டிசம்பரில் விண்ணப்பித்தவருக்கு 2022-23, 2023-24. 2026 ஜனவரி 4 முதல் விண்ணப்பித்தவருக்கு 2023-24, 2024-25. ஆக, 2023 ஏப்ரலில் இந்த நாட்டில் வேலையைத் தொடங்கி இடைவிடாமல் உழைத்தவர், டிசம்பரில் கேட்டால் மறுப்பு, ஜனவரியில் கேட்டால் அனுமதி. எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் சட்டம் அதுதான். இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. டிசம்பரில் ஒன்று போட்டுப் பார்ப்போம், கிடைக்காவிட்டால் ஜனவரியில் மறுபடி போடுவோம் என்று நினைக்கக் கூடாது. வேலை தேடும் காலங்களுக்கிடையே 12 வாரத்துக்கு மேல் இடைவெளி இல்லையென்றால், இரண்டையும் ஒன்றாக இணைத்துப் பழைய ஆண்டுகளையே பார்க்க விதி உண்டு. எப்போது விண்ணப்பிப்பது என்பதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

அடுத்தது தொகை. 2022-23 முதல் 2024-25 வரை கீழ் வருமான எல்லை வாரத்துக்கு 123 பவுண்ட். இரண்டு ஆண்டுகளில் ஒன்றிலாவது அதன் 26 மடங்குக்கு, அதாவது 3,198 பவுண்ட் சம்பளத்துக்கு, வகுப்பு 1 பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளிலும் தனித்தனியே 50 மடங்குக்கு, அதாவது 6,150 பவுண்ட் சம்பளத்துக்கு, கட்டியதாகவோ அரசு வரவு வைக்கும் கிரெடிட்டாகவோ இருக்க வேண்டும். இரு வேறு முதலாளிகளிடம் வாரம் நூறு நூறாக வாங்கியவருக்கு இரண்டையும் கூட்டிப் பார்க்க மாட்டார்கள். சுயதொழில் பங்களிப்பு இதற்கு உதவாது. சைல்ட் பெனிஃபிட் வழியாக வரும் கிரெடிட் ஓய்வூதியத்துக்கு மட்டும்தான். ஓய்வூதியக் கணக்கில் ‘முழு ஆண்டு’ என்று இருப்பதைக் காட்டி இங்கே வாதாட முடியாது. ஊரில் கட்டிய பிராவிடண்ட் ஃபண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பதிவு காலியாக இருந்தால், பிழை எண்ணிலோ முதலாளியிடமோ இருக்கலாம். பேரோல் எழுதுபவர் ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டினாலே பணம் உங்கள் பெயரில் சேராமல் நிற்கும். நம்மவர்களுக்கு அப்பா பெயர் ஓரிடத்தில் முன்னும் இன்னோரிடத்தில் பின்னும் வருவதால் குழப்பம் கூடும். ‘பதிவில் இல்லாததற்கு அரசு எப்படிப் பணம் தரும், நாளைக்கு எல்லோரும் கட்டினேன் என்பார்களே’ என்று கேட்கலாம். கேள்வி சரி. ஆனால் அந்தப் பதிவை எழுதுவது தொழிலாளி அல்ல. 2013 முதல் ஒவ்வொரு சம்பளத்தின்போதும் கணக்கை அனுப்புவது முதலாளியின் கடமை. தொழிலாளிக்கு அதில் கையே இல்லை. சட்டமும் இதை ஏற்கிறது: தொழிலாளியின் சம்மதமோ உடந்தையோ கவனக்குறைவோ இல்லாமல் முதலாளி கட்டத் தவறியிருந்தால், அதைக் கட்டியதாகவே கருத இடம் உண்டு. அதனால்தான் பேஸ்லிப், பி60, பி45, சம்பளம் விழுந்த வங்கி அறிக்கை இவற்றை எறியாதீர்கள் என்கிறேன். ‘எனக்குத் தெரியும்’ என்பதைவிட, பிடித்தம் காட்டும் பேஸ்லிப் பல மடங்கு கனமானது.

‘வாரம் தொண்ணூற்றுச் சொச்சம் பவுண்ட், அதுவும் ஆறு மாதம், இதற்கா இவ்வளவு பாடு, யுனிவர்சல் கிரெடிட் கேட்கலாமே’ என்பாரும் உண்டு. துணைவர் நன்றாகச் சம்பாதித்தால் அது கிடைக்காமல் போகலாம். சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் பொதுவாகக் கதவே அடைப்பு. பங்களிப்பு சார்ந்த உதவிக்கு இந்தத் தடைகள் இல்லை. விசாவில் ‘பொது நிதி கூடாது’ என்று இருப்பவர்களும், இது குடிவரவு விதிகளின் பொது நிதிப் பட்டியலில் இல்லை என்பதை அறிந்திருப்பது நல்லது. தவிர, இன்று திருத்தாத ஓட்டை நாளை அரசு ஓய்வூதியத்திலும் ஓட்டைதான்.

மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் கட்டாய மறுபரிசீலனை கேளுங்கள். எந்த இரண்டு ஆண்டுகள், எந்த எண், எவ்வளவு தொகை பார்த்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அதே நாளில் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யின் கணக்கில் உங்கள் பதிவையும் எடுத்து வையுங்கள். பங்களிப்பு கட்டப்பட்டதா என்ற தகராறைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஜாப் சென்டருக்கு இல்லை. அது எச்.எம்.ஆர்.சி.யின் வேலை, அங்கே முறையான முடிவு கேட்டு வாங்கினால், அதற்கு எதிராக வரித் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.