இரண்டு ஊர் மாத்திரை, ஒரே நோட்டு: எல்லையோரச் சர்க்கரைக்காரர்களுக்கு

எருத்தேன்பதி, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சர்க்கரை நோயோடு வாழ்கிறவர்களுக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. மாத மாத்திரை கேரள அரசின் குடும்ப ஆரோக்கிய மையத்தில் கிடைக்கிறது. மகளைப் பார்க்கப் பொள்ளாச்சி போனால் அங்கே ஒரு டாக்டர், கோயம்புத்தூர் போனால் இன்னொருவர். ஆளுக்கொரு பெயரில் மாத்திரை அட்டை சேர்ந்துவிடும். அட்டையின் நிறமும் பெயரும் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே மருந்தாக இருக்கலாம்.

ஆகவே முதல் வேலை, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குவது. மாத்திரை அட்டையில் கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும். அதோடு மெட்பார்மின், கிளிமிபிரைடு என்று மருந்தின் பெயரும் இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளையிடம் சொல்லி அதையும் மில்லிகிராம் அளவையும் தமிழில் எழுதி வாங்குங்கள். ஒரே பெயர் இரண்டு அட்டையில் வந்தால் இரண்டையும் விழுங்காமல் டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டுங்கள். எல்லையின் எந்தப் பக்கம் போனாலும் நோட்டு கூடவே போகட்டும்.

சோதனை அளவையும் அதிலேயே குறியுங்கள். வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் 180-க்குள் என்பது பலருக்கும் பொதுவான இலக்கு. வயதானவர்களுக்கு டாக்டர் இதைத் தளர்த்துவார். சோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்து டாக்டரை ஏமாற்றுகிறவர்கள் உண்டு. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி சோதனையிடம் அது பலிக்காது.

சாப்பாட்டைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நான் சுருக்கமாக முடிக்கிறேன். பாலக்காட்டு மட்ட அரிசியோ கேழ்வரகுக் களியோ, அளவு மீறினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். தட்டில் பாதி காய்க்கு, கால் பங்கு சோற்றுக்கு, மீதி பயறுக்கோ மீனுக்கோ முட்டைக்கோ ஒதுக்குங்கள்.

கள்ளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசியாக வேண்டும். சித்தூர் தாலுக்கா கள்ளுக்குப் பேர் போனது. கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் வெறும் வயிற்றில் கள் குடித்தால் ஆபத்து இரண்டு பக்கமும் வரும். மருந்து சர்க்கரையை இறக்கும். இறங்கும் நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரை விடவேண்டிய கல்லீரலின் கையை மது கட்டிவிடும். வியர்வை, கை நடுக்கம், நாக்குழறல், தள்ளாட்டம். பார்க்கிறவர்கள் போதை என்று நினைத்து, தூங்கட்டும் என்று திண்ணையில் படுக்கவைத்துவிட்டுப் போவார்கள். அந்தத் தூக்கத்தில் உயிரே போகலாம். 70-க்குக் கீழே இறங்கினால், அல்லது மேலே சொன்ன அறிகுறி தெரிந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் மறுபடியும் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மாத்திரையால் இறங்கிய சர்க்கரை ஏறிவிட்டுத் திரும்பவும் இறங்கலாம். அதனால் தெளிந்துவிட்டாலும் டாக்டரைப் பார்ப்பதே நல்லது.

இன்சுலின் போடுகிறவர்கள் சிரிஞ்சின் மூடியைப் பாருங்கள். 40 யூனிட் பாட்டிலுக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில், நிழலில் மண்பானைக்குள் ஈரமணலும் அதற்குள் ஒரு சின்னப் பானையும் வைத்து, பாட்டிலை நனையாமல் அதில் வைக்கலாம். பிரிட்ஜ் இருந்தால் ஐஸ் பெட்டிக்குள் மட்டும் வைக்கக்கூடாது. உறைந்த இன்சுலின் உதவாது.

கடைசியாகக் கால். 1946-இல் வேலூர் சிஎம்சிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் காலில் ஆறாத புண் வருவதற்குக் காரணம் வலி தெரியாமல் போவதுதான் என்று எடுத்துக்காட்டினார். சர்க்கரைக்காரர் காலுக்கும் அதே கதைதான். எம்சிஆர் செருப்பு என்று இன்று ஆஸ்பத்திரியில் எழுதித்தரும் மெத்தென்ற ரப்பர் செருப்பும் அந்தத் தொழுநோய் சிகிச்சை வழியில் வந்ததே. தோப்பில் வேலை செய்கிறவர்கள் வரப்பிலும் செருப்போடு நடங்கள். போடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள், கல்லோ முள்ளோ இருக்கலாம். இரவில் காலைக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். வெடிப்புக்கு எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம். ஆணிக்காலைப் பிளேடால் சீவாதீர்கள். கொப்புளமோ நிறமாற்றமோ தெரிந்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் பூசி நாள் கடத்தாமல், வலி இல்லாவிட்டாலும், மறுநாளே ஆரோக்கிய மையத்துக்குப் போங்கள். போகும்போது அந்த ஆண்டுக்கான கண் விழித்திரைச் சோதனையும் சிறுநீர்ச் சோதனையும் எங்கே, எப்போது என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள்.