பள்ளி மாணவர்க்கான கலைப் பட்டறை: சில எண்ணங்கள்

பட்டறை என்னும் சொல் கொல்லனிடமிருந்தும் தச்சனிடமிருந்தும் நமக்கு வந்தது. இரும்பு பழுக்கும் இடமும் மரம் இழைபடும் இடமும் பட்டறை எனப்பட்டன. அங்கே வேடிக்கை பார்ப்போர்க்கு இடமில்லை; துருத்தி ஊதும் சிறுவனும் தொழிலில் பங்குடையவனே. 1977ஆம் ஆண்டு ந. முத்துசாமியும் நண்பர்களும் சென்னையில் தம் நாடகக் குழுவிற்குக் ‘கூத்துப்பட்டறை’ எனப் பெயரிட்டனர். அதன்பின் இச்சொல் கலையுலகிலும் நன்கு வேரூன்றிவிட்டது. ஓவியப் பட்டறை, நாடகப் பட்டறை, பொம்மலாட்டப் பட்டறை என்னும் பெயர்களில் பள்ளிகள் பலவற்றில் இன்று மூன்று நாள், ஐந்து நாள் பயிற்சிகள் நடத்தப்பெறுகின்றன. பெயர் பட்டறையாயினும் உள்ளே நடப்பது பட்டறைதானா என்பதையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

பெரும்பாலான பயிற்சிகளில் இறுதி நாள் மாலைக்கு ஒரு விழா குறிக்கப்பட்டுவிடுகிறது. சிறப்பு விருந்தினர் வருவார், பெற்றோர் அமர்ந்திருப்பர். எனவே முதல் நாள் நண்பகலுக்குள்ளேயே குரல்வளம் உடையவர், அஞ்சாது பேசுவோர், முன்பே மேடை கண்டோர் எனச் சிலர் பிரித்தெடுக்கப்படுகின்றனர். எஞ்சியோர் சுவரோரம் அமர்ந்து கைதட்டுகின்றனர். பட்டறை ஒத்திகையாகிவிடுகிறது. பயிற்சி யாருக்குத் தேவையோ அவர்களே பார்வையாளராய் வீடு திரும்புகின்றனர். இதில் பயிற்றுநரைக் குறைகூறிப் பயனில்லை. விழாவில் காட்ட ஒன்றுமில்லையெனின் அடுத்த ஆண்டு தமக்கு அழைப்பு இராது என்பதை அவர் அறிவார்.

ஐந்து நாளில் ஒரு பிள்ளையைக் கலைஞனாக்கிவிடலாம் என்னும் எண்ணமே இதற்கெல்லாம் அடிப்படை. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் வரும் மாதவி ஐந்தாம் வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். நம் காலத்துச் சான்றும் உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில், கூத்துக் கலைஞர் இராஜகோபாலும் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் ஹன்னே டி புரூயினும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம், பொதுக் கல்வியையும் கூத்துப் பயிற்சியையும் ஒருங்கே அளித்தது. ஆடவரே ஆடிவந்த அக்கூத்தில் அங்குப் பெண்பிள்ளைகளும் பயின்று வேடம் புனைந்தனர். பல்லாண்டுப் பயிற்சி அது. 2020இல் அக்குருகுலம் மூடப்பட்டது. இத்தகைய நெடும்பயிற்சிக்குப் பட்டறை மாற்றாகாது, ஆகவும் வேண்டியதில்லை. அதன் வேலை வேறு. ஏட்டில் சொல்லாய் அறிந்த ஒன்றைப் பிள்ளை தன் கையாலும் உடலாலும் ஒருமுறையேனும் அறியச் செய்வதே அது.

தமிழாசிரியர்க்கு இதில் பெரும்பங்கு உண்டென்பது நம் கருத்து. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்கிறார். நம் மாணவர் இம்முப்பத்திரண்டையும் மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். அச்சம் என்பது தெய்வம், விலங்கு, கள்வர், தம் தலைவர் ஆகியோரிடத்துப் பிறப்பது என்று எழுதும் மாணவனை, எழுந்து நின்று விலங்கைக் கண்டு அஞ்சுவதையும் தலைவரைக் கண்டு அஞ்சுவதையும் வேறுபடுத்திக் காட்டச் சொன்னால் என்ன ஆகும்? முன்னதில் கால் ஓடும். பின்னதில் கால் அசையாது, தலை தாழும், குரல் அடங்கும். இவ்வேறுபாட்டை உடல் கண்டுகொண்டபின், நூற்பா பிறகு மறப்பதில்லை.

ஓர் ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவர்க்கு இப்பயிற்சி அளிக்கப்பட்டபோது நாம் உடனிருந்தோம். தலைவர்க்கு அஞ்சுதல் என்றதும் பலரும் தலைமையாசிரியரையே நடித்தனர். வகுப்பில் ஒரே சிரிப்பு. அதுவரை வாய் திறவாத ஒரு சிறுவன் எழுந்தான். கதவிடுக்கில் நின்று வெளியே பார்ப்பவன்போல நின்று, ‘அப்பா வீட்டுல இல்ல’ என்று மட்டும் சொன்னான். தண்டல்காரர் வாயிலில் நிற்கிறார் என்பது எல்லார்க்கும் விளங்கியது. எவரும் சிரிக்கவில்லை. சற்றுப் பொறுத்து ஒரு மாணவி, ‘இது கள்வர்க்கு அஞ்சுவதா, தலைவர்க்கு அஞ்சுவதா?’ என்று கேட்டாள். அரைமணி நேரம் பிள்ளைகள் அதைப் பற்றியே வாதிட்டனர். பொருளிலக்கணம் அவ்வளவு சூடாகப் பேசப்பட்ட வகுப்பை நாம் கண்டதில்லை.

அக்காட்சியை நிறைவு விழாவில் நடிக்கச் செய்ய வேண்டுமென்று பள்ளியினர் விரும்பினர். பயிற்றுநர் இசையவில்லை. அவர் செய்ததே சரி என்போம். பட்டறைக்குள் பிள்ளை காட்டியதை ஊரார் முன் காட்ட வைத்தால், அடுத்த முறை அப்பிள்ளை எதையும் காட்டான். வீட்டிலும் அவனுக்கு ஏச்சு விழும்.

கைத்தொழில் வகையும் இவ்வாறே. அரங்கேற்று காதையில் அரங்கின் அளவு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் எனக் கூறப்பட்டுள்ளது. ஒரு கோல் இருபத்துநான்கு விரல். வகுப்பை ஐந்து குழுவாக்கி, குழுவுக்கு ஒரு மூங்கிற்கழியும் சிறிது சுண்ணாம்புப் பொடியும் கொடுத்து, பள்ளித் திடலில் அரங்கை வரையச் சொல்லிப் பாருங்கள். விரலை அடுக்கி அடுக்கிக் கழியை வெட்டுவர். வரைந்து முடித்தபின் ஐந்து அரங்கும் ஐந்து அளவில் இருக்கும். யாருடைய விரல் என்னும் வினா அப்போது பிள்ளைகளிடமிருந்தே எழும். உரையாசிரியர்களை அறிமுகம் செய்ய இதைவிட நல்ல வேளை வாய்க்காது. இரண்டு வாயில்களை எங்கே வைப்பது, மூவகை எழினிகளை எவ்வாறு இழுப்பது என்று அடுத்த நாளும் வேலை இருக்கும். பழைய வேட்டிகள் மூன்று போதும்.

முகமூடி செய்தலைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். களிமண்ணால் முகம் பிடித்து, எண்ணெய் தடவி, செய்தித்தாள் கீற்றுகளை மைதாப் பசையில் தோய்த்து ஐந்தாறு அடுக்கு ஒட்டி, வெயிலில் காயவைத்து எடுப்பது எளிய முறை. காய ஒரு நாளேனும் ஆகும். விரைவுக்காகக் கடையில் அட்டை முகமூடி வாங்கிவந்து வண்ணம் மட்டும் தீட்டச் சொல்லும் வழக்கத்தையும் பார்க்கிறோம். அதைக் கைவிடுவது நல்லது. மூக்கு சற்றுக் கோணினால் முகத்தின் குணமே மாறிவிடுகிறது என்பதைக் களிமண்ணைப் பிசைந்த விரலே அறியும்.

பெண்பிள்ளைகளை மேடையேற்றப் பெற்றோர் சிலர் தயங்குவதுண்டு. நம் சமுதாயப் பெரியோரிடமும் இத்தயக்கம் இருப்பதை நாம் அறிவோம். அதனை இகழ்ந்துரைப்பது நம் நோக்கமன்று. ஆனால் மேடை வேறு, பட்டறை வேறு. பார்வையாளர் இல்லாத வகுப்பறையில், ஆசிரியை முன்னிலையில், தோழியரோடு பாவை செய்து, திரைக்குப் பின்னிருந்து அதற்குக் குரல் கொடுப்பதைத் தடுக்கக் காரணம் இல்லை. தன் குரலில் பேசக் கூசும் பிள்ளை பாவையின் குரலில் தாராளமாகப் பேசுகிறாள். விழாவைப் பட்டறையிலிருந்து பிரித்துவிட்டால் இத்தயக்கத்தின் பெரும்பகுதி தானே நீங்கும் எனலாம். பெண்பிள்ளைகளுக்காகவேனும் இதனைச் செய்யவேண்டும் என்று பெரியோரையும் பள்ளி நிருவாகத்தாரையும் கேட்டுக்கொள்கிறோம்.

கலைக்கல்வியைப் பத்தாம் வகுப்புவரை கட்டாயமாக்க வேண்டுமென 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டம் பரிந்துரைத்தது. தமிழக அரசு 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாப் போட்டிகளைத் தொடங்கியது. திறமுடைய பிள்ளைகட்கு அது நல்ல வாயில். எனினும் போட்டியில் ஒருவர் வெல்லப் பலர் விலகவேண்டும். பட்டறையில் விலகுவோர் இருத்தலாகாது. இரண்டும் தத்தம் இடத்தில் இருக்கட்டும்.

நம் துறை மாணவர் பலர் நாளை ஆசிரியராகப் போகின்றவர்கள். அருகிலுள்ள பள்ளிகளில் பட்டறை நடக்குங்கால், குழுவுக்கு ஒருவராக அவர்கள் துணைநிற்கலாம். கலைஞர் வந்து ஐந்து நாளில் சென்றுவிடுவார். மறுநாள் வகுப்பில் நிற்பவர் ஆசிரியரே. எனவே வகுப்பாசிரியர் நாற்காலியில் அமர்ந்து மேற்பார்வை செய்யாமல், பிள்ளைகளோடு தரையிலமர்ந்து தாமும் ஒரு முகமூடி செய்யவேண்டும். செய்தவற்றைப் பள்ளி அலமாரியில் பூட்டாமல் வகுப்பறைச் சுவரிலேயே மாட்டி வைக்கலாம். இருபத்துநான்கு விரல் மூங்கிற்கோலைக் கரும்பலகையருகே சாத்தி வைத்தால் போதும். அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகள் அது என்னவென்று கேட்பார்கள்.