முடக்குவாதம் என்று சொல்லிவிட்டார்களா? கைக்கும் கைக்காசுக்கும் சில குறிப்புகள்

காலையில் விரல் மடங்காது. தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாது. தோட்டத்துப் பிரட்டுக்குப் போகும் நேரமாகியும் விறைப்பு இறங்காது. ஹேவாஹெட்ட மலைகளில் இதையெல்லாம் குளிர் என்று சொல்லித் தைலம் தேய்த்தே மாதக்கணக்கில் ஓட்டிவிடுகிறோம். பிறகு ஒருநாள் கண்டி பெரியாஸ்பத்திரியில் இரத்தம் சோதித்து, முடக்குவாதம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்கும் நோய் இது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது.

இது அடியோடு போகாது. ஆனால் நன்றாக அடக்கி வைக்கலாம். அதற்கு முதலில் கொடுக்கும் மருந்து அதிக விலையும் இல்லை. காசு பெரும்பாலும் வேறு இடங்களில்தான் கரைகிறது. அதனால் வீட்டு வேலைக்கான வழிகளோடு, எங்கே செலவழிக்கலாம், எங்கே கூடாது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1. முதலில் இதை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: தொடக்க மாதங்கள்தான் பொன்னான மாதங்கள். மூட்டு ஒருமுறை அரித்துக் கோணிவிட்டால் எந்தக் குளிசையும் அதை நிமிர்த்தாது. "தீபாவளி போகட்டும், பிள்ளையின் பரீட்சை முடியட்டும்" என்று கிளினிக்கைத் தள்ளிப்போடாதீர்கள். மருந்து தொடங்கி வலி குறைந்ததும் நிறுத்திவிடுவது இன்னும் பெரிய நட்டம். வலி குறைந்தது மருந்தால்தான்.

2. மெத்தோட்ரெக்சேட். பெரும்பாலானோருக்கு முதலில் எழுதுவது இதைத்தான். இந்தக் குளிசை வாரத்துக்கு ஒருநாள் மட்டும். மற்றக் குளிசைகளோடு சேர்த்துத் தினமும் போட்டு வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் விழுந்து, உயிரே போனவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். மருந்துப் பைகளில் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் எழுதியிருக்கும். நமது அம்மாமார் பலருக்கு அது புரியாது. ஆகவே வாங்கிய கையோடு, படித்த ஒருவரைக் கொண்டு தடித்த பேனையால் "ஞாயிறு மட்டும்" என்று தமிழில் எழுதுவித்து, அந்தப் பையை மற்ற மருந்துகளிலிருந்து பிரித்துத் தனி டப்பாவில் வையுங்கள். நாட்காட்டியில் அந்தக் கிழமையை வட்டமிட்டு, போட்டதும் கோடு இழுங்கள்.

இன்னொன்றும் உண்டு. இது 2.5 மில்லிகிராமிலும் வருகிறது, 10 மில்லிகிராமிலும் வருகிறது. போன மாதம் சின்னக் குளிசை நான்கு போட்டவர், இந்த மாதம் கடையில் கொடுத்த 10 மில்லிகிராமிலும் நான்கு போட்டால் நான்கு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். பெட்டியின் நிறமோ குளிசையின் அளவோ மாறியிருந்தால், "இதில் எத்தனை போட வேண்டும்?" என்று கேட்காமல் வாங்கி வராதீர்கள்.

போட மறந்து ஒன்றிரண்டு நாளுக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் வழமையான அளவுதான், இரட்டிப்பு ஒருநாளும் கூடாது. முழுப் பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகும். மூன்றாம் வாரத்திலேயே "இது கேட்கவில்லை" என்று விடுபவர்கள் பலனைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

3. மெத்தோட்ரெக்சேட்டோடு போலிக் அசிட் குளிசையும் தருவார்கள். வாய்ப்புண், குமட்டல், ஈரல் கோளாறு ஆகியவற்றை அது குறைக்கும். சத்துக் குளிசைதானே என்று விட்டுவிடாதீர்கள். மெத்தோட்ரெக்சேட் போடாத நாளில் அதைப் போடச் சொல்வதே வழக்கம். உங்கள் கிளினிக் கொப்பியில் எந்த நாள் என்று எழுதியிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். இந்த இரண்டு மருந்துக்கும் நமது பக்கத்தோடு ஒரு உறவு உண்டு. 1931இல் பம்பாயில் இரத்தசோகையால் வாடிய கர்ப்பிணிப் பெண்களுக்கு லூசி வில்ஸ் என்ற வைத்தியர் மார்மைட் கொடுத்துத் தேற்றியதிலிருந்துதான் போலிக் அசிட்டின் கதை தொடங்குகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு 1940களில் அமெரிக்காவில் அந்தச் சத்தை ஆய்வுகூடத்தில் உண்டாக்கியது. அதற்கு எதிராக வேலை செய்யும் மருந்துக் குடும்பமும் அங்கிருந்தே வந்தது. மெத்தோட்ரெக்சேட் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

4. காலை விறைப்புக்கு: கை பொறுக்கும் சூட்டில் ஒரு பேசின் வெந்நீர், பத்து நிமிடம். நீருக்குள்ளேயே விரல்களை மெல்ல மடக்கி விரியுங்கள். சூட்டை முழங்கையால் பார்த்துவிட்டுக் கையை வையுங்கள். சிவந்து கொதிக்கும் மூட்டுக்கு மட்டும் சூடு வேண்டாம், குளிர்ந்த நீரில் நனைத்த துணி போதும். இரவில் கம்பளிக் கையுறை போட்டுத் தூங்குவது நமது குளிருக்கு உண்மையிலேயே உதவும்.

5. குசினியில் விரல்நுனிக்குப் போகும் வேலையை உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் மாற்றுங்கள்.

அகப்பை, கத்தி, துடைப்பம் ஆகியவற்றின் பிடியில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றுங்கள். பிடி தடித்தால் விரல் இறுக வேண்டியதில்லை.

சோற்றுப் பானையைத் தூக்கி வடிக்காதீர்கள். கஞ்சியை அகப்பையால் அள்ளி எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் தண்ணீரை அளந்து வைத்து வற்ற விடலாம். தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் இரண்டு உள்ளங்கையாலும் அடியில் தாங்கித் தூக்குங்கள்.

பீலியிலிருந்து வாளி நிறையத் தண்ணீர் சுமக்க வேண்டாம். அரை வாளியாக இரண்டு தடவை போங்கள். துணியை முறுக்கிப் பிழிவது மணிக்கட்டைக் கெடுக்கும். கொடியில் அப்படியே தொங்கவிட்டால் தண்ணீர் தானே வடியும்.

தேங்காய் துருவுவதும் ரொட்டிக்கு மாப் பிசைவதும் கைக்குப் பெரிய தண்டனை. இந்த இரண்டையும் வீட்டு ஆண்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். உதவி கேட்பதாக நினைத்துத் தயங்காதீர்கள். வீட்டு வேலையைப் பங்கு போடுவதற்கு நோய் வரும்வரை காத்திருந்ததே பிழை.

6. கொழுந்து பறிப்பவர்களுக்கு: கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிப் பாரம் இழுப்பதை விட முடிந்தால் விட்டுவிடுங்கள். இந்த நோய் நாட்பட்டால் கழுத்தின் மேல் எலும்புகளையும் தளர்த்தக்கூடும். பின்தலை வலி, கையில் மின்சாரம் ஓடுவது போன்ற உணர்வு, கால் தடுமாற்றம் இருந்தால் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் வைத்தியரிடம் காட்டுங்கள். வேலை மாற்றம் வேண்டுமென்றால் வாய்ப்பேச்சு போதாது. "இலகு வேலை தேவை" என்று கிளினிக்கில் கடிதம் கேட்டு வாங்கி, தோட்டத்து வைத்திய உத்தியோகத்தர் மூலமாக அலுவலகத்துக்குக் கொடுங்கள். ஒரு பிரதியைச் சங்கத் தலைவரிடமும் கொடுத்து வைப்பது நல்லது.

7. கிளினிக் நாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியரும் இலவசம், இருக்கும் மருந்தும் இலவசம். ஆனால் அன்றைக்கு ஒரு பேர் (நாட்சம்பளம்) போகிறது, பஸ் காசு போகிறது, கூட வருபவரின் பேரும் போகிறது. நமது வீடுகளில் மருந்தைவிட இதுவே பெரிய செலவு. ஆகவே அந்த ஒரு நாளில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வரப் பாருங்கள். இரத்தம் எடுப்பதும் மருந்து வாங்குவதும் ஒரே நாளில் நடக்குமா என்று தாதியிடம் கேளுங்கள். நோய் அடங்கிய பிறகு, "பக்கத்து ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக்கொண்டு, சில மாதத்துக்கு ஒருமுறை மட்டும் இங்கே வரலாமா?" என்றும் கேளுங்கள். றிக்கில்லகஸ்கட, தெல்தோட்டைப் பக்கத்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். வைத்தியர்கள் தாமாகச் சொல்ல மறந்தாலும், கேட்டால் முடிந்ததைச் செய்வார்கள்.

8. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, வெளியே வாங்குங்கள் என்று சீட்டுக் கொடுத்தால்: மருந்தின் பொதுப் பெயரில் எழுதித் தரச் சொல்லுங்கள். முதலில் அரச மருந்தகமான ஒசு சலவில் விசாரியுங்கள். பிறகு தனியார் பார்மசியில் "ஒரு குளிசை என்ன விலை?" என்று கேட்டு ஒப்பிடுங்கள். ஒரே மருந்துக்குக் கம்பனியைப் பொறுத்து விலை பல மடங்கு வேறுபடும். முழுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை, அடுத்த கிளினிக் வரை தேவையானதை எண்ணி வாங்கலாம். கம்பனிப் பெயரைப் பார்க்காமல் மருந்தைப் பார்த்து வாங்கும் இந்த வழியை நமக்குத் திறந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். ஏழை வீட்டுக்கு அவர் செய்த உதவியை நாம் இன்னும் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பது என் மனக்குறை.

காசு முடைக்காகக் குளிசையைப் பாதியாக்குவதும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போடுவதும் வேண்டாம். முடியவில்லை என்பதை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மாற்று மருந்து இருக்கலாம், அளவை மாற்றலாம். அவருக்குத் தெரியாமல் குறைத்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அதைவிட விலை கூடியதை எழுதுவார்.

9. இரத்தச் சோதனைகளில் விடக்கூடாதவை மூன்று: இரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை, ஈரல், சிறுநீரகம். மெத்தோட்ரெக்சேட் போடுபவருக்குத் தொடக்கத்தில் அடிக்கடியும், பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இவை வேண்டும். நோயைக் கண்டுபிடிக்கச் செய்த ருமட்டொயிட் ஃபெக்டர், சி.சி.பி. சோதனைகளைத் திரும்பத் திரும்பச் செய்வதில் பெரிதாகப் பயனில்லை. "குறைந்திருக்கிறதா என்று பார்ப்போம்" என்று தனியார் ஆய்வுகூடத்தில் அதற்குக் காசு கட்டாதீர்கள்.

10. வலிக்குளிசை நோயை அடக்காது, வலியை மட்டும் மறைக்கும். டைக்லோஃபெனக், இபுபுரொஃபென் இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம். மலம் கறுப்பாகப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சல் நேரத்தில் இவற்றைத் தொடக்கூடாது. அது டெங்குவாக இருந்தால் ஆபத்து, கண்டியில் டெங்கு இல்லாத காலமும் குறைவு.

11. காய்ச்சல், விடாத இருமல், மூச்சுத்திணறல், வாய்ப்புண், காரணமில்லாமல் தோலில் இரத்தத் திட்டு. இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த வார மெத்தோட்ரெக்சேட்டைப் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்த வைத்தியரிடம் போனாலும் மெத்தோட்ரெக்சேட் போடுவதை முதலில் சொல்ல வேண்டும். சிறுநீர்க் கடுப்புக்கும் சளிக்கும் கொடுக்கும் கோ-ட்ரைமொக்சசோல் என்ற மருந்து இதனோடு சேர்ந்தால் இரத்த அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். அந்தப் பெயரைக் கிளினிக் கொப்பியின் அட்டையில் "கொடுக்கக் கூடாது" என்று எழுதி வைத்துவிடுங்கள்.

12. பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொய்ட் குளிசை போடுபவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. வைத்தியர் சொல்வதுபோலப் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். "மூன்று நாளில் வாதம் பறக்கும்" என்று பெயர் ஒட்டாத பொட்டலத்தில் விற்கும் தூளில் இதே இனத்து மருந்து கலந்திருக்கக்கூடும். அதனால்தான் அது மூன்று நாளில் சுகம் தருகிறது, மூன்று மாதத்தில் முகம் ஊதி, சீனி ஏறி, எலும்பு தேய்கிறது. இதமாக எண்ணெய் பூசுவதில் குற்றமில்லை. வீங்கிய மூட்டை அழுத்திப் பிடித்து நீவுவதுதான் கூடாது.

13. கத்தரிக்காய், தக்காளி, கிழங்கு, புளி என்று ஆளுக்கொன்றாக விலக்கச் சொல்வார்கள். எல்லாவற்றையும் விலக்கி உடம்பு மெலிவதுதான் மிச்சமாகும். நெத்தலி, பருப்பு, கீரை, முட்டை, எது கிடைக்கிறதோ தாராளமாகச் சாப்பிடுங்கள். விலக்க வேண்டியது சாராயம், அது மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்து ஈரலை அடிக்கும். பீடி, சிகரெட் இந்த நோயையே மோசமாக்கும். மருந்தால் வாய் புண்ணாகும் காலத்தில் புகையிலை போட்ட வெற்றிலையும் வேண்டாம்.

14. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்கள்: மெத்தோட்ரெக்சேட், இதே நோய்க்குத் தரும் லெஃப்லூனமைட் இரண்டும் கருவைச் சிதைக்கும். போடும் காலம் முழுவதும் நம்பகமான குடும்பக் கட்டுப்பாடு வேண்டும். மருத்துவ மாதுவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளை வேண்டுமென்றால் பல மாதம் முன்கூட்டியே சொன்னால், கருவுக்குத் தீங்கில்லாத மருந்துக்கு மாற்றுவார்கள். இந்த நோய் வந்தவளுக்குப் பிள்ளை கிடைக்காது என்று சொல்லும் மாமியாரிடம் அது பொய் என்று தைரியமாகச் சொல்லலாம்.

15. இதே நோய்க்கான மற்ற மருந்துகளில், ஹைட்ரொக்சிகுளோரோக்குயின் போடுபவர்கள் கண்ணைச் சோதிக்க வேண்டும். சல்பசலசின் போட்டுச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் பயப்பட வேண்டாம்.

16. இவை எல்லாம் போட்டும் அடங்காதவர்களுக்கு உயிரியல் ஊசிகள் உண்டு. விலை மிக அதிகம். வெளியே வாங்கக் கடன் எடுப்பதற்கு முன், பெரிய ஆஸ்பத்திரியில் அரசு வழியாகக் கிடைக்குமா, காத்திருப்புப் பட்டியல் உண்டா, விலை குறைந்த இணை மருந்து உண்டா என்று கேளுங்கள். ஊசிக்கு முன் காசநோய், ஈரல் அழற்சிச் சோதனைகள் கட்டாயம். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு முன்புபோலக் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். உங்கள் நோய்க்கோ சத்திரசிகிச்சைக்கோ உதவி உண்டா என்பதை அங்கேயே கேட்டறியலாம். ஹேவாஹெட்ட நகரம் நுவரெலியா மாவட்டத்தில் இருக்கிறது, பாத்தஹேவாஹெட்டவோ கண்டி மாவட்டம். சிகிச்சை கண்டியில் என்பதால் விண்ணப்பமும் கண்டியில் என்று நினைத்து அலையாதீர்கள். நீங்கள் குடியிருக்கும் இடத்தின் கிராம சேவகரிடம் முதலில் கேளுங்கள்.

17. மழைக்காலத்துக்கு முன் கிளினிக் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள். கொப்பியையும் இரண்டு வார மருந்தையும், மெத்தோட்ரெக்சேட்டை மட்டும் தனியாகச் சுற்றி, ஒரு பொலித்தீன் பையில் கட்டிக் கதவோரம் மாட்டுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மண்சரிந்து வீதிகள் அடைபட்டதை நாம் மறக்க முடியாது. கண்டிக்குப் போக வழியில்லாமல் போனால், திறந்திருக்கும் எந்த அரசாங்க ஆஸ்பத்திரியிலும் அந்தக் கொப்பியைக் காட்டி மருந்து கேளுங்கள். கொப்பி இல்லாவிட்டால், கைபேசியில் உள்ள படத்தைக் காட்டுங்கள்.