கண்டிகோட்டைக்குப் போனால் ஓர் இரவு தங்குங்கள்

நகரி வழியாகப் போகும் 716-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை விடாமல் பிடித்துக்கொண்டு ரேணிகுண்டா, கோடூர், ராஜம்பேட்டை, கடப்பா, எர்ரகுண்ட்லா என்று போனால் முத்தனூர் வரும். அங்கிருந்து வடக்கே திரும்பினால் ஜம்மலமடுகு. அதற்கு மேற்கே 15 கி.மீ. தொலைவில், பெண்ணாறு எர்ரமலையைப் பிளந்துகொண்டு போகும் இடத்தில், தென்கரைப் பாறை விளிம்பில் நிற்கிறது கண்டிகோட்டை. எங்கள் ஊரான விஜயபுரத்திலிருந்து சுமார் 270 கி.மீ. இடையில் சாப்பிட்டு இளைப்பாறிப் போனால் ஆறேழு மணி நேரம்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள். இது மணற்பாலை அல்ல. ஆனாலும் மழை குறைந்த ராயலசீமையின் வறண்ட நிலம். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், பாறையில் கை வைக்க முடியாது. அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போவது நல்லது. மழை முடிந்த கையோடு போனால் ஆற்றில் தண்ணீரும் இருக்கும். கீழே மைலவரம் அணை, மேலே கண்டிகோட்டை அணை என்று இரண்டுக்கும் நடுவில் இந்தப் பள்ளத்தாக்கு இருப்பதால், நீர்மட்டம் மழையை மட்டும் நம்பி ஏறி இறங்குவதில்லை.

அடுத்தது தங்குமிடம். விடியற்காலையில் கிளம்பி, மதியம் பார்த்துவிட்டு, ராத்திரியே வீடு திரும்பும் திட்டத்தை விட்டுவிடுங்கள். உச்சி வெயிலில் பாறையெல்லாம் வெளுத்துத் தட்டையாகத் தெரியும். வெயில் சாயும்போதுதான் அடுக்கடுக்கான கற்பாளங்களின் விளிம்பில் நிழல் விழுந்து ஆழம் புரியும், சிவப்பும் ஏறும். மாலை ஒரு முறை, மறுநாள் விடியலில் ஒரு முறை, இரண்டையும் பார்த்தால்தான் போன பயன். கோட்டைக்கு வெளியே ஆந்திர சுற்றுலாத் துறையின் ஹரிதா விடுதி இருக்கிறது. சனி, ஞாயிறு என்றால் முன்பதிவு இல்லாமல் கிளம்பாதீர்கள். கூடாரம் வாடகைக்குத் தருபவர்களும் உண்டு. கூடாரம் எடுத்தால் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

கார் இல்லாதவர்கள் ரேணிகுண்டாவில் மும்பைப் பாதை ரயிலைப் பிடித்து எர்ரகுண்ட்லாவிலோ முத்தனூரிலோ இறங்கலாம். ரயில் எந்த ஸ்டேஷனில் நிற்கும் என்று பார்த்து டிக்கெட் எடுங்கள். அங்கிருந்து பஸ்ஸில் ஜம்மலமடுகு, பிறகு ஆட்டோ. ஜம்மலமடுகுதான் கடைசி ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், பழம், டார்ச், மருந்து, பெட்ரோல், கையில் கொஞ்சம் ரொக்கம் எல்லாவற்றையும் அங்கேயே முடித்துவிடுங்கள். வழியில் கடப்பாவில் எர்ரகாரம் என்னும் சிவப்பு மிளகாய் விழுதைத் தடவிய காரம் தோசை சாப்பிடாமல் போகாதீர்கள்.

மாலை நான்கு மணிக்குள் கோட்டை வாசலில் இருக்க வேண்டும். நேரே விளிம்புக்கு ஓட வேண்டாம், முதலில் கோட்டையைப் பாருங்கள். விஜயநகரப் பேரரசின் கீழ் பெம்மசானி நாயக்கர்கள் நெடுங்காலம் ஆண்ட இடம் இது. பின்னர் கோல்கொண்டாவின் மீர் ஜும்லா பிடித்துக்கொண்டார். அவரைப் பார்க்கத்தான் பிரெஞ்சு ரத்தின வணிகர் தவேர்னியே 1652-ல் இவ்வளவு தூரம் வந்தார். மாதவராயர் கோயிலின் உயர்ந்த கோபுரம், ஜாமியா மசூதி, பெரிய தானியக் களஞ்சியம், சிறைச்சாலை எல்லாம் ஒரு மணி நேர நடைக்குள் இருக்கின்றன. களஞ்சியத்தின் அளவைப் பார்த்தாலே எத்தனை நாள் முற்றுகையைத் தாங்க நினைத்தார்கள் என்பது விளங்கும்.

இதையெல்லாம் பார்த்தபின் மசூதிப் பக்கம் பிரியும் பாதையில் நடந்து விளிம்புக்கு வந்தால், இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று சட்டென்று புரியும். மற்ற பக்கங்களில் மதில் எழுப்பியவர்களுக்கு வடக்குப் பக்கத்தை ஆறே வெட்டிக் கொடுத்திருக்கிறது. சுமார் 300 அடி செங்குத்துப் பாறை, அடியில் பச்சைத் தண்ணீர். படிக மணல் இறுகிக் கல்லான பாறை இது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. இரும்புச் சத்துதான் சிவப்புக்குக் காரணம். பலர் இதோடு ஒப்பிடும் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் 446 கி.மீ. நீளமும் ஒன்றரைக் கி.மீ.க்கு மேல் ஆழமும் கொண்டது. அந்த எதிர்பார்ப்போடு வந்தால் இது சிறியதாகத் தோன்றும். ஆனால் ஒரு ஊரே இதன் ஓரத்தில் வாழ்ந்திருக்கிறது, இன்னும் வாழ்கிறது. எனக்கு அதுதான் பெரிது.

விளிம்பில் கவனம் தேவை. கடைசிப் பகுதி பெரிய பெரிய பாறைகளின் மேல் ஏறி இறங்கும் வழி. செருப்பு உதவாது, பிடிப்புள்ள ஷூ போடுங்கள். தடுப்புக் கம்பி இருக்கும் என்று நம்பி வராதீர்கள். காற்று திடீரென்று வலுக்கும். செல்ஃபிக்காகப் பின்னால் அடி எடுத்து வைக்கவே கூடாது, உட்கார்ந்து படம் எடுங்கள். குழந்தைகளின் கையை விடாதீர்கள். மழை பெய்து பாறை ஈரமாக இருந்தால் விளிம்புக்குப் போகும் எண்ணத்தையே கைவிடுங்கள். பொழுது சாய்ந்ததும் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். வயதானவர்கள் அந்தப் பாறைகளுக்கு முன்னாலேயே உட்கார்ந்துகொள்ளலாம். பாட்டில், பிளாஸ்டிக் பை எதையும் அங்கே போடாதீர்கள். பள்ளத்தில் விழுந்ததை யாரும் இறங்கி எடுக்கப் போவதில்லை.

மறுநாள் சூரியன் எழுவதற்கு அரைமணி முன்பே போய்விடுங்கள். முதல் நாள் வழியைப் பார்த்து வைத்தது இப்போது கைகொடுக்கும். எட்டு மணிக்குள் திரும்பிச் சிற்றுண்டி முடித்தால், சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ள பேலம் குகைகளையும் அன்றே பார்க்கலாம். அந்தச் சுண்ணாம்புக் குகை 3,229 மீட்டர் நீளம், அதில் சுமார் ஒன்றரைக் கி.மீ. பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. உள்ளே புழுக்கம் அதிகம், தண்ணீர் பாட்டில் இல்லாமல் இறங்காதீர்கள். குகை வேண்டாம் என்பவர்கள் கடப்பா தாண்டி ஒண்டிமிட்டா கோதண்டராமர் கோயிலில் இறங்கிவிட்டுப் பொழுதோடு ஊர் வந்து சேரலாம்.