ஊருக்காக வாதாடப் போகிற மகளுக்கு

மகளே, நகராட்சிகளுக்கும் ஊராட்சி ஒன்றியங்களுக்கும் உயர் நீதிமன்றத்தில் ஆஜராகும் பொறுப்பு உனக்கு வந்திருக்கிறது. மதுரைக் கிளை திறந்த 2004-ஆம் ஆண்டிலிருந்து இதே வேலையில் நரைத்தவன் சொல்கிறேன், கேள்.

1. உன் கட்சிக்காரர் யார் என்று முதலில் தெரிந்துகொள். வக்காலத்தில் கையெழுத்துப் போடுபவர் ஆணையர். அவர் இன்றைக்கு இருப்பார், நாளை மாறுதலாகிப் போவார். ஊர் அங்கேயேதான் இருக்கும். எதிரே நிற்பவரும் அந்த ஊருக்கு வீட்டு வரி கட்டுகிறவர்தான். அவரை வீழ்த்தினால் போதும் என்ற எண்ணத்தோடு ஒருநாளும் எழுந்து நிற்காதே.

2. மூலக் கோப்பை வரவழைத்துப் படி. அலுவலகத்திலிருந்து வரும் பத்திவாரிக் குறிப்பை மட்டும் நம்பிப் பதில் மனு தயாரிக்காதே. என் சீனியர் கட்டின் நாடாவை அவிழ்த்ததும் குறிப்புப் பக்கங்களுக்குத்தான் போவார். ஓர் ஆக்கிரமிப்பு வழக்கில், அறிவிப்புக் கொடுத்தாயிற்று என்று மனு சொன்னது. கோப்பின் ஓரத்திலோ, ‘வீடு பூட்டியுள்ளது, சார்வு செய்யவில்லை’ என்று பென்சிலில் ஒரு வரி. எதிர்த்தரப்புக்கு அது தெரியவே தெரியாது. சீனியர் அந்தப் பக்கத்தைத் தாமே நீதிபதிகளிடம் எடுத்துக் கொடுத்தார். வழக்கு போயிற்று, புதிதாக அறிவிப்புக் கொடுத்து முறைப்படி நடவடிக்கை எடுக்க அனுமதி கிடைத்தது. ஆணையருக்கு வருத்தம்தான். ஆனால் அதற்குப் பிறகு ‘கோப்பில் அப்படி இல்லை’ என்று சீனியர் சொன்னால், அந்த பெஞ்சில் மறுகேள்வி வந்ததில்லை. வாய்ச்சொல்லுக்கு மதிப்பு வருவது இப்படித்தான்.

3. மேல்முறையீடு வேண்டாம் என்று சொல்லும் துணிவு உனக்கு வேண்டும். இந்தத் தொழிலில் மிகக் கடினமானது இதுதான். தோற்கும் என்று தெரிந்தே மனுப் போடச் சொல்வார்கள். தள்ளுபடி உத்தரவு ஒன்று கோப்பில் இருந்தால் தணிக்கையில் கேள்வி வராது என்ற கணக்கு. உச்ச நீதிமன்றம் இவற்றுக்குச் ‘சான்றிதழ் வழக்குகள்’ என்றே பெயர் வைத்திருக்கிறது. 663 நாள் தாமதமாக வந்த மத்தியப் பிரதேச அரசுக்கு 2020-இல் 25,000 ரூபாய் செலவுத்தொகை விதித்து, அதைப் பொறுப்பான அதிகாரிகளிடம் வசூலிக்கவும் சொன்னது. 2014-இல் நீக்கப்பட்ட 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த பழைய வழக்குகளில், கூட்டிக் கொடுக்க வேண்டிய இழப்பீட்டுக்கு முதல் ஆண்டு 9 சதவீதம், அதற்குமேல் 15 சதவீதம் வட்டி. நிற்காத மேல்முறையீட்டை நீ இழுக்கிற ஒவ்வோர் ஆண்டும் அந்த வட்டி ஊர்ப் பணத்திலிருந்து போகிறது. எழுத்தில் கருத்துரை கொடு. கையெழுத்தும் தேதியும் போடு.

4. தாமதத்துக்குக் காரணம் கேட்டால் உள்ளதைச் சொல். ரிட் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் இருந்தது என்று தேதிவாரியாக எழுது. ‘நிர்வாகக் காரணங்கள்’ என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு நீதிபதிகள் சலித்துப் போயிருக்கிறார்கள்.

5. ‘நிதி இல்லை’ என்பதை வாதமாக்காதே. ரத்லம் நகராட்சி அதைச் சொல்லிக்கொண்டுதான் உச்ச நீதிமன்றம் வரை போனது. திறந்த சாக்கடையும் நாற்றமும் தாங்காத வார்டு மக்கள் மாஜிஸ்ட்ரேட்டிடம் முறையிட, அவர் சரிசெய்யச் சொன்னார். நகராட்சி மேல்முறையீட்டுக்குப் போயிற்று. 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பணமில்லை என்பது கடமையிலிருந்து தப்பும் வழியாகாது என்று சொல்லி, காலக்கெடுவோடு வேலையை முடிக்க உத்தரவிட்டார். அந்த வழக்குச் செலவும் அதே மக்களின் வரிப்பணம்தானே! உன் கட்சிக்காரரை முன்கூட்டியே உட்காரவைத்து, ‘எவ்வளவு முடியும், எப்போது முடியும்?’ என்று கேள். அந்தப் பதிலை நீதிமன்றத்தில் உறுதிமொழியாகக் கொடு. கொடுத்த உறுதிமொழி நிறைவேறியதா என்று நீயே போன் போட்டு விசாரி.

6. உன் கட்டணம் தாமதமாகத்தான் வரும். அதற்காக எந்த ஒப்பந்ததாரரின் உதவியையும் ஏற்காதே. காபிகூட வேண்டாம்.

7. வழக்கிலுள்ள இடத்தை ஒருமுறையாவது நேரில் பார். புல வரைபடத்தில் ஒரு கோடாகத் தெரியும் வாய்க்கால், போய்ப் பார்த்தால் பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி ஓடும். வருகிற சனிக்கிழமை, உனக்கு வந்த முதல் வழக்குக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வழக்கிலுள்ள தெருவுக்குப் போ. அங்கே இருக்கிறவர்களிடம் பேசு. வந்த பிறகு மேல்முறையீட்டுக் காரணங்களை எழுது.